23-க்கு 23: ஓர் இளையோர் நாடாளுமன்றப் போட்டியின் நிகழ்வு ஆய்வு

“ஆம் 23. இல்லை 23.”

சீட்டில் இருந்த எண்களை வாசித்துவிட்டு, சபாநாயகர் நாற்காலியில் இருந்த பிளஸ் டூ மாணவி ஒரு நொடி நிறுத்தினாள். நாங்கள் இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த 31 பக்க வசனத்தில் அந்த இடத்தில் இருந்த எண்கள் வேறு: எதிர்ப்பு 26, ஆதரவு 22. அவள் தடுமாறவில்லை. “வாக்குகள் சமமாக இருப்பதால் திருத்தம் தோற்றது” என்று அறிவித்தாள். மரச் சுத்தியலால் மேசையில் ஒரு தட்டு.

எதிர்க்கட்சி வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்தாள். வசனத்தில் அவளுக்கு இரண்டே வரிதான். இரண்டையும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தாள்.

“மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை.” அவை விதிப்படி நடக்கவில்லை என்று ஓர் உறுப்பினர் எழுந்து சுட்டிக்காட்டும் முறை அது.

நான் அரங்கில் ஐந்தாவது வரிசையில் இருந்தேன். பயிற்சி கொடுத்த ஆசிரியர் மேடையைப் பார்த்துச் சைகை காட்டக் கூடாது என்பது போட்டி விதி. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் சொல்லப்போவது சரி என்பதும், அதை நான் எங்கள் சபாநாயகருக்குச் சொல்லித் தரவே இல்லை என்பதும் அதே நொடியில் உறைத்தது.

இந்த ஆய்வு அந்த நான்கு நிமிடங்களைப் பற்றியது. அதற்கு முன்னால் நாங்கள் செய்த தவறுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி மாணவர்களை இப்படிப்பட்ட போட்டிகளுக்குத் தயார் செய்கிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போட்டி எப்படிப்பட்டது

இளையோர் நாடாளுமன்றம் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1962-ல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டில் இந்த யோசனை பரிந்துரைக்கப்பட்டது. 1966-67-ல் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் டெல்லிப் பள்ளிகளில் முதலில் தொடங்கியது. அப்புறம் கேந்திரிய வித்யாலயாக்கள், நவோதயா பள்ளிகள், பல்கலைக்கழகங்கள் என்று விரிந்தது. ஒரு பள்ளியின் 50, 55 பிள்ளைகள் சேர்ந்து மக்களவையின் ஒரு நாள் அமர்வை ஒரு மணி நேரத்துக்குள் நடத்திக் காட்ட வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, அமைச்சர்கள், சபாநாயகர் எல்லாம் ஒரே பள்ளிப் பிள்ளைகள்தான். எனவே இது வழக்கமான பட்டிமன்றம் போல இரண்டு அணி மோதுவது கிடையாது. மொத்த அவைக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண்.

நாங்கள் கடலூர்ப் பள்ளி. போட்டியை நடத்தியது புதுச்சேரியில் ஒரு கல்லூரி. தமிழிலேயே நடத்தலாம் என்றார்கள். நேரம் 55 நிமிடம். மதிப்பெண் பங்கீடு அமைச்சகத் திட்டத்தில் இருப்பதேதான்: ஒழுக்கமும் கண்ணியமும் 10, நடைமுறை விதிகளைக் கடைப்பிடித்தல் 20, கேள்விகளும் பதில்களும் 20, விவாதப் பொருளைத் தேர்ந்தெடுத்தல் 10, விவாதத்தின் தரம் 30, மொத்தமாக அவை நடந்த விதம் 10.

இந்தப் பங்கீட்டைப் பார்த்ததும் எல்லாப் பள்ளிகளும் செய்வதையே நானும் செய்தேன். 30 மதிப்பெண் விவாதத்துக்கு என்றால் நல்ல பேச்சாளர்களைத் தேடு, பேச்சை எழுதிக் கொடு, மனப்பாடம் செய்ய வை. நடைமுறைக்கு 20 என்பது, வணக்கம் சொல்வதும் “மாண்புமிகு” போடுவதும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் சறுக்கல் தொடங்கியது.

சுத்தியல் எங்கிருந்து வந்தது

சபாநாயகராக இருந்த மாணவி மிகவும் முனைப்பானவள். கூட்டம் நடத்துவது எப்படி என்று யூடியூபில் தேடியிருக்கிறாள். அமெரிக்க மாணவர்களின் கூட்ட நடைமுறைப் போட்டிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அங்கே எஃப்எஃப்ஏ என்று ஒரு மாணவர் அமைப்பு இருக்கிறது. 1928-ல் விவசாயம் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. ஒரு சிறு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு தீர்மானத்தை எடுத்துக்கொண்டு, திருத்தம், குழுவுக்கு அனுப்புதல், ஒத்திவைத்தல் என்று வரிசையாக நடத்திக் காட்டுவார்கள். தலைவர் கையில் சுத்தியல். இரண்டு தட்டு என்றால் கூட்டம் தொடங்குகிறது, மூன்று தட்டு என்றால் எல்லோரும் எழ வேண்டும், ஒரு தட்டு என்றால் உட்காரலாம் அல்லது ஒரு வேலை முடிந்தது. அவள் அதை அப்படியே கற்றுக்கொண்டு வந்தாள். அழகாக இருந்தது. நான் தடுக்கவில்லை. தச்சு வேலை தெரிந்த ஒரு பிள்ளையின் அப்பா வேப்ப மரத்தில் சுத்தியல் செய்து கொடுத்தார்.

அந்தப் போட்டிகள் எல்லாம் ராபர்ட்டின் விதிகளைப் பின்பற்றுபவை. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர். 1863-ல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லிவிட்டார்கள், அவருக்கோ எப்படி நடத்துவது என்று தெரியவில்லை. அந்த அனுபவம் உறுத்திக்கொண்டே இருந்து, 1876-ல் சங்கங்களுக்கான விதிநூலாக வெளிவந்தது. சங்கம், மன்றம், கழகம் போன்ற சாதாரணக் கூட்டங்களுக்கு அது மிக நல்ல நூல். நம் குடியிருப்போர் நலச் சங்கங்கள் அதில் பாதியைப் பின்பற்றினாலே சண்டை குறையும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் மக்களவை அந்த நூலின்படி நடப்பதில்லை. அதற்கு அரசியலமைப்பும், சட்டப்பிரிவு 118-ன் கீழ் அவையே வகுத்துக்கொண்ட நடைமுறை விதிகளும் உண்டு.

இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதுதான் சிக்கல். இரண்டிலும் தீர்மானம் உண்டு, திருத்தம் உண்டு, குரல் வாக்கெடுப்பு உண்டு. வேறுபடும் இடங்கள் சின்னச் சின்னவை. ராபர்ட்டின் விதிப்படி விவாதத்தை நிறுத்தி உடனே வாக்கெடுப்புக்குப் போக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மக்களவையில் விவாத முடிவுத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டால் சாதாரணப் பெரும்பான்மை போதும். அங்கே ஒரு தீர்மானத்தை இன்னொருவர் வழிமொழிந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். இங்கே அமைச்சர் மசோதாவைக் கொண்டுவர வழிமொழிய ஆள் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கு இதில் அமெரிக்க வீடியோவே வேண்டாம், இலக்கிய மன்றத்திலிருந்தே “முன்மொழிகிறேன், வழிமொழிகிறேன்” நாக்கில் ஊறிக் கிடக்கிறது. எங்கள் அவையில் அமைச்சர் மசோதாவை முன்வைத்ததும் ஒரு பையன் எழுந்து கம்பீரமாக “வழிமொழிகிறேன்” என்றான். நடுவர்களில் ஒருவர் உடனே ஏதோ குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சுத்தியலும் அப்படித்தான். மக்களவையில் சபாநாயகர் சுத்தியல் தட்டுவதில்லை. அவர் எழுந்து நின்றால் போதும். பேசிக்கொண்டிருக்கும் உறுப்பினர் உடனே உட்கார வேண்டும், எல்லோரும் அமைதியாகக் கேட்க வேண்டும். விதி 361 சொல்வது அதைத்தான். எழுந்து நிற்கும் ஒரு மனிதருக்காக அவை அடங்குவதற்கும், மேசையில் விழும் அடிக்கு அடங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கேள்வி நேரத்தில் இழந்த ஆறு மதிப்பெண்

கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டிருந்தேன். அது நல்ல முடிவு. எழுதியதை விதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டது கெட்ட முடிவு.

மக்களவை விதி 41 கேள்விக்கு நிபந்தனைகள் வைக்கிறது. கேள்வியில் வாதம், ஊகம், கிண்டல், பழிச்சொல் எதுவும் இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. கற்பனை நிலைமையை வைத்துக் கேட்கக் கூடாது. அது முதன்மையாக மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். எங்கள் ஒரு பிள்ளை கடலூர்ப் பேருந்து நிலையத்தில் குடிநீர்க் குழாய் ஏன் இல்லை என்று மத்திய அமைச்சரைக் கேட்டாள். இன்னொருவன், “2004 போல மறுபடியும் சுனாமி வந்தால் அரசு என்ன செய்யும்?” என்றான். கடலூர்ப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் “வந்தால்” என்ற சொல் அதைக் கற்பனைக் கேள்வி ஆக்கிவிடுகிறது. 2007 முதல் ஐதராபாத்தில் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பு கடலூர் மாவட்டக் கடலோர ஊர்களுக்கு எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வந்து சேருகிறது என்று கேட்டிருந்தால், அதே கவலை செல்லுபடியாகும் கேள்வியாக மாறியிருக்கும். அமைச்சரும் நழுவியிருக்க முடியாது.

கேள்வி நேரத்தில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. ஒரு துணைக் கேள்வி வசனத்தில் இல்லாதது. அமைச்சராக இருந்த பதினோராம் வகுப்புப் பையனுக்குப் பதில் தெரியவில்லை. “தகவல் சேகரித்து அவையின் முன் வைக்கப்படும்” என்றான். பலர் அதை மழுப்பல் என்று நினைக்கக்கூடும். மக்களவையில் அப்படிச் சொன்னால் அது வாக்குறுதி. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கே 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. பையன் அதை அறிந்துதான் சொன்னான்.

மணலும் மசோதாவும்

விவாதப் பொருள் தேர்வில் 10-க்கு 9 கிடைத்தது. அந்தப் பெருமை முழுக்கப் பிள்ளைகளுக்கே. நம் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டப்பட்டன. நகர்ந்து வந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. வடக்கே கரை கரைந்தது. கடற்கரைச் சாலையைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அங்கிருந்து இன்னும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று நகர்ந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் பொம்மையார்பாளையம் வரை போனது. ஓரிடத்தில் கல் போட்டால் பாதிப்பு இன்னொரு ஊருக்கு. அந்த ஊர் வேறு ஆட்சிப் பகுதியில் இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பிள்ளைகள் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். மத்திய அரசின் சட்டம் தேவைப்படும் விஷயம் என்பதால் மக்களவைக்கும் பொருந்தியது.

அவர்களே ஒரு மாதிரி மசோதா எழுதினார்கள், ஏழு பிரிவுகள். கடலுக்குள் கட்டுமானம் எழுப்பும் முன் மணல் நகரும் திசையில் இருக்கும் ஊர்களில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். 4-வது பிரிவின்படி அந்தக் கூட்டத்துக்கு 15 நாள் முன்னறிவிப்பு. எதிர்க்கட்சியின் திருத்தம் ஒரே ஒரு வரி: “பக்கம் 2, வரி 7-ல் ‘15’ என்பதற்குப் பதிலாக ‘30’ என்று மாற்றுக.” 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் பொது விசாரணைக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் இருப்பதை வைத்து எழுதிய திருத்தம் அது. வசனப்படி அது தோற்க வேண்டும். ஏன் தோற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுங்கட்சிக்கு 26 பேர், அதனால் தோற்கும். அவ்வளவுதான்.

அந்த நான்கு நிமிடம்

மொத்தம் 55 பேர் போக வேண்டியது. வாக்களிக்கும் உறுப்பினர்கள் 48, சபாநாயகர், தலைமைச் செயலாளர், அவைக் காவலர், குறிப்பெடுப்போர் நால்வர். காலையில் பள்ளி வாசலில் பேருந்து ஏறும்போது அக்கா தம்பி இருவர் வரவில்லை. வீட்டில் அம்மை. இருவரும் ஆளுங்கட்சி. பேச்சு இல்லாத பிள்ளைகள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 24-க்கு 22 இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன்.

குரல் வாக்கெடுப்பில் “இல்லை” சத்தம் கூடுதலாகக் கேட்டது. எதிர்க்கட்சித் தலைவர் ஏற்காமல், எண்ணிக் கணிக்க வேண்டும் என்று கேட்டார். அதுவும் வசனத்தில் இருந்ததுதான், நடைமுறை தெரியும் என்று காட்டுவதற்காகச் சேர்த்தது. ஆதரிப்பவர்கள் எழுந்து நின்றார்கள். எதிர்க்கட்சி வரிசையில் 22 பேர். ஆளுங்கட்சியின் கடைசி வரிசையில் ஒருவன்.

தேவனாம்பட்டினத்துப் பையன். பத்தாம் வகுப்பு. வீட்டில் படகு. இரண்டு மாத ஒத்திகையிலும் அவன் ஒரு சொல் மாற்றிப் பேசியதில்லை. பக்கத்தில் இருந்த கொறடா மாணவி அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவன் குனிந்து பார்த்தான். உட்காரவில்லை.

அப்படி வந்ததுதான் 23-க்கு 23.

ஒழுங்குப் பிரச்சினை எழுப்பிய பெண் சொன்னது இவ்வளவுதான்: “சட்டப்பிரிவு 100-ன்படி வாக்குகள் சமமானால் தாங்கள் வாக்களிக்க வேண்டும். சமம் என்பதாலேயே திருத்தம் தோற்காது.” அவளுக்கு இது எப்படித் தெரியும்? ஒத்திகையின் முதல் வாரத்தில், ஒரு வாக்கு என்ன செய்யும் என்று விளக்க நான் 1999 ஏப்ரல் 17-ஐச் சொல்லியிருந்தேன். அன்று வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269-க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. கதை முடிந்ததும் இந்தப் பெண்தான் கேட்டாள், “சார், 269-க்கு 269 வந்திருந்தா?” சட்டப்பிரிவு 100, சபாநாயகர் போட வேண்டும் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

எங்கள் சபாநாயகர் அறிவித்தது அவளாகக் கற்பனை செய்தது அல்ல. ராபர்ட்டின் விதிப்படி அது முற்றிலும் சரி. அங்கே பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல். பாதிக்குப் பாதி வந்தால் பெரும்பான்மை கிடைக்கவில்லை, எனவே தீர்மானம் தோற்றது. தலைவர் வாக்களித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவள் பார்த்த வீடியோக்கள் கற்றுக்கொடுத்தது இதைத்தான். நம் அரசியலமைப்பு வேறு வழியில் போகிறது. சபாநாயகர் முதலில் வாக்களிக்க மாட்டார். சமம் வந்தால் அவருக்கு முடிவு வாக்கு உண்டு, அதை அவர் செலுத்தவும் வேண்டும். விரும்பினால் செலுத்தலாம் என்றில்லை. அவர் தீர்ப்புச் சொல்லாமல் அவை அடுத்த வேலைக்குப் போக முடியாது.

அவள் எழுந்து நின்றாள். சுத்தியலைத் தொடவில்லை. சலசலப்பு தானாக அடங்கியது. “தலைமைச் செயலாளர் சட்டப்பிரிவு 100-ஐ எடுத்துத் தர வேண்டும்” என்றாள். அந்தப் பையன் மேசையில் அழகுக்காக வைத்திருந்த அரசியலமைப்புப் புத்தகத்தை முதன்முறையாகப் பிரித்தான். பக்கம் தேடியது ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவள் வாங்கி, விரலை வைத்துப் படித்துவிட்டுச் சொன்னாள்:

“உறுப்பினர் எழுப்பிய ஒழுங்குப் பிரச்சினை சரி. என் முந்தைய அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன். என் வாக்கு ஆம். பதினைந்து நாள் போதாது என்று இந்த அவையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். ஊர் மக்களுக்கு நேரம் கூடுவதால் யாருக்கும் எதுவும் பறிபோகாது. திருத்தம் ஏற்கப்பட்டது.”

அடுத்து நடந்ததை நடைமுறை கற்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். திருத்தம் ஏற்கப்பட்டால் அந்தப் பிரிவை “திருத்தப்பட்டவாறு” என்று சேர்த்துத்தான் வாக்குக்கு விட வேண்டும். அவள் வசனத்தில் இருந்தபடி “பிரிவு 4 மசோதாவின் பகுதியாகட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டாள். பிரிவு 5, 6, 7 முடிந்து, கடைசியாகத்தான் பிரிவு 1-க்கு வந்தாள். அது சரி. குறுந்தலைப்பு உள்ள முதல் பிரிவையும், சட்டம் இயற்றும் வாசகத்தையும், நெடுந்தலைப்பையும் மற்றதெல்லாம் முடிந்த பிறகே எடுப்பார்கள். உள்ளே என்ன மாறியது என்று தெரிந்த பிறகுதானே பெயரை உறுதி செய்ய முடியும். இங்கே பல பள்ளிகள் தவறும், நாங்கள் தவறவில்லை. கடைசியில் அமைச்சர். திருத்தத்தை நிராகரித்ததற்கு அவைக்கு நன்றி சொல்லும் பேச்சு அவன் கையில் இருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “மசோதா, திருத்தப்பட்டவாறு, நிறைவேற்றப்பட வேண்டும் என்று முன்மொழிகிறேன்” என்று ஒரே வரியில் முடித்தான். 54-வது நிமிடத்தில் அவை ஒத்திவைக்கப்பட்டது.

நடுவர்கள் சொன்னது

மொத்தம் 77, மூன்றாம் இடம். ஒழுக்கம் 9, நடைமுறை 12, கேள்விகள் 14, பொருள் 9, விவாதம் 25, மொத்த நடத்தை 8.

நடுவர்களில் ஒருவர் சட்டப்பேரவைச் செயலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடைமுறையில் எட்டு மதிப்பெண் போன கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னார்: சுத்தியல், வழிமொழிதல், “பூஜ்ய நேர விதியின் கீழ்” என்று ஓர் உறுப்பினர் சொன்னது (கேள்வி நேரம் முடிந்ததும் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரம் வழக்கத்தில் வந்தது, விதிநூலில் அப்படி ஒரு விதி இல்லை), விடுபட்ட “திருத்தப்பட்டவாறு”, முதலில் செய்த தவறான அறிவிப்பு. அறிவிப்பைத் திருத்திக்கொண்டதற்காக ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொன்னார்.

அப்புறம் எங்கள் சபாநாயகரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் வாக்கைப் பற்றிப் பேசினார். இங்கிலாந்தில் 1867-ல் சபாநாயகர் டெனிசன் காலத்தில் உறுதியான ஒரு மரபு உண்டு. சமம் வந்தால், மேலும் விவாதிக்க இடமிருக்கும் பக்கம் வாக்களிக்க வேண்டும். அது முடியாதபோது, பெரும்பான்மை இல்லாத மாற்றத்தை நாற்காலி செய்யக் கூடாது. மசோதாவுக்குத் திருத்தம் என்றால் மசோதா இருந்தபடியே இருக்க விட வேண்டும். அதன்படி அவள் “இல்லை” சொல்லியிருக்க வேண்டும்.

“ஐயா, அரசியலமைப்புல அப்படி எழுதியிருக்கா?”

“எழுதலைம்மா. மரபு.”

“அப்ப நான் செஞ்சது தப்பா?”

“தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த நாற்காலில நான் இருந்திருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்.”

நானும் அவர் பக்கம்தான். காரணத்தைச் சொல்கிறேன். சபாநாயகருக்குக் கட்சி இல்லை என்று சொல்லித்தான் எல்லோரும் அவர் சொல்லுக்கு உட்காருகிறார்கள். அவர் ஒரு பக்கத்தின் 24-வது உறுப்பினராக ஆகும்போது அந்த நம்பிக்கையில் கொஞ்சம் செலவாகிறது. மரபு அந்தச் செலவைக் குறைக்கப் பார்க்கிறது. இருந்தாலும் அவள் காரணம் சொல்லி வாக்களித்தாள், சொன்ன காரணமும் யோசித்தது. அதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

தேவனாம்பட்டினத்துப் பையன்

மதிப்பெண் பட்டியலில் அவனுக்கு இடமில்லை. ஆனால் இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவன் அவன்தான். பேருந்தில் கேட்டேன், ஏன்டா எழுந்தாய் என்று. “சார், பதினஞ்சு நாள்ல எங்க ஊர்ல யாருக்கும் தகவல் வந்து சேராது சார். தாத்தா கடலுக்குப் போயிருந்தாருன்னா வர்றதுக்கே நாளாகும்” என்றான். அவன் அந்தப் பிரிவை ஒத்திகையில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பான். எண்ணிக் கணிக்கும்போது, எழுந்து நிற்க வேண்டிய நொடியில்தான், அது தன் வாக்கு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குரல் வாக்கெடுப்பில் அவனும் மற்றவர்களோடு “இல்லை” என்றுதான் சொன்னானாம்.

கொறடா மாணவிக்குக் கோபம் தீரவில்லை. கட்சித் தாவல் தடைச் சட்டம் அவளுக்கு மனப்பாடம்: 1985-ன் 52-வது திருத்தம், பத்தாவது அட்டவணை. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். அவள் விட்டது, கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் போகாது என்ற பகுதியை. அதை நான் எடுத்துச் சொன்னேன். இருவரும் ரெட்டிச்சாவடி வரை விவாதித்துக்கொண்டே வந்தார்கள். போட்டி மேடையில் நடந்த எந்த விவாதத்தையும் விட அது நன்றாக இருந்தது.

இப்போது என்ன மாற்றியிருக்கிறோம்

சுத்தியல் இலக்கிய மன்ற அலமாரிக்குப் போய்விட்டது. அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ராபர்ட்டின் விதிகளையும் நாங்கள் தூக்கிப் போடவில்லை. மாணவர் மன்றக் கூட்டங்களை அதன்படி நடத்துகிறோம். ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் இன்று எந்த விதிநூல் என்று கரும்பலகையில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. சமமானால் என்ன ஆகும் என்பதையும் அதன் கீழே எழுதச் சொல்கிறேன்.

கேள்விகளை விதி 41 எதிரில் வைத்து, பிள்ளைகள் ஒருவருடையதை ஒருவர் திருத்துகிறார்கள். மாநில அரசு விஷயம் வந்தால் கிழித்துப் போட வேண்டாம், தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பேருந்து நிலையக் குழாய் பற்றிய கேள்வி மாநகராட்சிக்கு மனுவாகப் போனது.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எல்லோரையும் புதுச்சேரி அருகே கீழூருக்கு அழைத்துப் போனேன். 1954 அக்டோபர் 18-ல் பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. “அந்த எட்டுப் பேரையும் எண்ணி எழுதியிருக்காங்களா சார்?” என்று தேவனாம்பட்டினத்துப் பையன் கேட்டான். எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

பெரிய மாற்றம் வசனத்தில். இப்போது 31 பக்கம் கிடையாது, 12 பக்கம்தான். நிகழ்ச்சி நிரல், தொடக்க வாசகங்கள், மசோதாவின் வாசகம், அமைச்சர்களுக்கான தகவல் குறிப்புகள். வாக்கெடுப்பு வரும் இடத்தில் எண்ணை எழுதுவதில்லை, இரண்டு கோடு போட்டு விட்டுவிடுகிறோம். சபாநாயகர் வெற்றி, தோல்வி, சமம் மூன்றுக்கும் பேசிப் பழக வேண்டும். ஒத்திகையில் நான் சொல்லாமலே இரண்டு பேரை வெளியே அனுப்பிவிடுவேன்.

போன வாரம் மூன்று ஒத்திகை. முதல் நாள் திருத்தம் 25-க்கு 21 தோற்றது. இரண்டாம் நாள் 24-க்கு 22 வென்றது. மூன்றாம் நாள் 23-க்கு 23. இந்த ஆண்டு சபாநாயகராக இருப்பது போன வருடம் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பிய அதே பெண், இப்போது பத்தாம் வகுப்பு. எழுந்து நின்றாள், “இல்லை” என்றாள், காரணம் சொன்னாள். அடுத்த பிரிவுக்குப் போனாள்.